விண்மீனின் மாற்றுப் பார்ப்பது

பேரியம் விண்மீன்கள், தாமே சமைக்காத கனத் தனிமங்களைச் சுமந்து நிற்பவை. 1951இல் பிடெல்மனும் கீனனும் இவற்றைத் தனி வகையாகப் பிரித்தார்கள். இவற்றின் நிறமாலையில், 4554 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் விழும் பேரியத்தின் கருங்கோடு, அதே வெப்பநிலையுள்ள மற்ற விண்மீன்களில் இருப்பதைவிடத் தடித்திருக்கும். அந்தத் தடிப்பை அளந்து தனிமத்தின் அளவைச் சொல்வதே நிறமாலை முறை. 1920இல் மேகநாத் சாகா தந்த அயனியாக்கச் சமன்பாடு இல்லாமல் இந்தக் கணக்கு நடக்காது.

கோவை நகைப்பட்டறைகளில் உரைகல்லில் நகையைத் தேய்த்து, விழுந்த கோட்டில் அமிலம் தொட்டு மாற்றுப் பார்ப்பார்கள். இப்போது எக்ஸ் கதிர் எந்திரம் அதை நொடிகளில் சொல்லிவிடுகிறது. ஆனாலும் அது மேலே சில மைக்ரான் ஆழத்தைத்தான் பார்க்கும். தடித்த முலாம் அதை ஏமாற்றிவிடும். நிறமாலையும் விண்மீனின் மேல்தோலை மட்டுமே படிக்கிறது. பேரியம் விண்மீனோ உண்மையிலேயே முலாம் பூசியது.

அந்த முலாமைக் காட்டிக்கொடுத்ததும் இதே நிறமாலை முறைதான். அதன் பெரும்பலம் இங்கே தெரிகிறது. 1952இல் மெரில் எஸ் வகை விண்மீன்களில் டெக்னீசியத்தைக் கண்டார். அங்கே உருவாகும் டெக்னீசியத்தின் அரை ஆயுள் சுமார் 2 லட்சம் ஆண்டுகளே என்பதால், அது அங்கேயே அண்மையில் சமைந்திருக்க வேண்டும். பேரியம் விண்மீன்களில் டெக்னீசியம் தென்படுவதில்லை. 1980இல் மெக்ளூர் குழுவினர் அவற்றின் கோடுகள் முன்னும் பின்னும் நகர்வதை அளந்து, அநேகமாக எல்லாவற்றுக்கும் ஒரு துணை இருப்பதாகக் காட்டினார்கள். முன்பு பேருரு விண்மீனாக இருந்த அந்தத் துணையே பேரியத்தைச் சமைத்து, தன் இணையின் மேல் படியும்படி வெளியே வீசிவிட்டு, வெண்குள்ளனாகச் சுருங்கிப்போனது.

குறை, அளவைச் சொல்லும் இடத்தில் இருக்கிறது. கணக்குகள் பெரும்பாலும் விண்மீனின் வளிமண்டலத்தை அசையாத அடுக்குகளாகவும் உள்ளூர் வெப்பச் சமநிலையில் இருப்பதாகவும் எடுத்துக்கொள்கின்றன. உண்மையில் அது கொதித்துப் புரளும் வாயு. வெப்பநிலை 100 கெல்வின் பிசகினாலும் விடை மாறும். மடக்கை அளவில் 0.2 பிழை சிறிதாகத் தெரியும். அது ஒன்றரை மடங்குக்கும் மேல். கரிமம் மிகுந்த விண்மீன்களில் நிலை இன்னும் மோசம். ஈயத்தின் 4057 ஆங்ஸ்ட்ராம் கோட்டின் மேல் கரிம மூலக்கூறுகளின் கோடுகள் வந்து படிகின்றன. இத்தகைய ஒற்றைக் கோட்டை நம்பி எழுதும் ஈய அளவை, பல கோடுகளில் சரிபார்த்த அளவுக்கு இணையாக வைக்கக் கூடாது.

இந்தியாவில் அருணா கோஸ்வாமி, ஹான்லேயில் உள்ள 2 மீட்டர் தொலைநோக்கியால் கரிம விண்மீன்களை வகைபிரித்தார். அவற்றில் சிலவற்றின் நுண்கோடுகளைப் படிக்க ஜப்பானின் சுபாரு தொலைநோக்கி தேவைப்பட்டது. துணையைத் தேடும் வேலைக்குப் பெரிய கண்ணாடியைவிடப் பொறுமை முக்கியம். சில இணைகள் ஒருமுறை சுற்றிவரப் பத்தாண்டுக்கு மேல் ஆகும். அவ்வளவு காலம் ஒரே விண்மீனுக்குப் பெரிய தொலைநோக்கிகளில் இரவு ஒதுக்குவது அரிது. கொங்குக்கு வடகிழக்கே, ஜவ்வாது மலைக் காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கிக்கு, மழைக்கால மேகம் விட்டுவைக்கும் இரவுகளில், ஏற்ற வேலை இது.