கோடிப்புறத்துக் கொடியும் கடைத்தெருப் பொட்டலமும்

மாதவிலக்குத் துணியை எங்கே உலர்த்துவது என்ற விஷயத்தில் யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கும் தமிழ்நாட்டுப் பெண்களுக்கும் வெகுகாலம் அபிப்பிராய பேதம் இருந்ததில்லை. அங்கே கோடிப்புறத்துக் கொடியில் பழஞ்சேலைக்கு அடியிலும், இங்கே கொல்லைப்புறத்து இருட்டிலும் வெயில் படாமல் மறைத்துப் போடப்பட்ட அத்துணி, அரைகுறையாக உலர்ந்து மறுபடியும் உடம்பைச் சேர்ந்தது. நன்றாகத் துவைத்து வெயிலில் காயவைத்த துணியில் தோஷம் ஒன்றுமில்லை. ஒளித்துக் காயவைத்ததே தோஷம்.

அதன் ஸ்தானத்தை நாப்கின் பிடித்துக்கொண்ட விதத்தில்தான் இரு தேசங்களும் வழி பிரிகின்றன. கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம், வெறும் பஞ்சை வைத்துச் செய்து பார்த்துத் தோற்று, ஆட்டு இரத்தம் நிரப்பிய பந்துப் பையைத் தம் உடம்பிலேயே கட்டிக்கொண்டு சோதித்து, ஊரார் ஏச்சுக்கும் ஆளாகி, கம்பெனிகள் உபயோகிப்பது மரக்கூழ் நார் என்று கடைசியில் கண்டறிந்து, அதை அரைத்து அழுத்தி ஒட்டும் சிறு யந்திரங்களை மகளிர் குழுக்களின் கையில் சேர்த்த கதை பிரசித்தம். 2012இல் தமிழக அரசு ‘புதுயுகம்’ திட்டத்தின்கீழ்க் கிராமத்து வளரிளம் பெண்களுக்கு இலவசமாகவே வழங்கத் தொடங்கிற்று. மத்திய சர்க்கார் 2017இல் விதித்த 12 சதவீத ஜி.எஸ்.டி.யும் மறு ஆண்டே நீங்கிற்று.

இலங்கையிலோ, உள்ளூரிலும் தயாராகிறதென்றாலும், இறக்குமதியான ஆரோக்கியத் துவாயின்மேல் (நாப்கினுக்கு அங்கே அதுதான் பெயர்) 2018 வரை பலவகை வரிகள் சேர்ந்து நூற்றுக்கு 101 வீதத்துக்கு மேலாயின. அவ்வாண்டு குறைத்தபின்னரும் 62 வீதத்துக்கு மேல் எஞ்சியது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் விலை ஏற, பழந்துணிக்கே திரும்பியவர்களும் உண்டு. 2024இல் கஷ்டப் பிரதேசப் பாடசாலை மாணவிகளுக்கு 1200 ரூபாய் வவுச்சர் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. எனக்கு இந்த வவுச்சர் முறையே மேலாகத் தோன்றுகிறது. சர்க்கார் பொட்டலத்தில் எல்லோருக்கும் ஒரே அளவுதான். இரத்தப்போக்கோ ஆளுக்கு ஆள் வேறு. வவுச்சர் உள்ளவள் தனக்கு வேண்டிய நீளத்தைத் தானே தேர்ந்துகொள்கிறாள். என்ன, வாங்கிய நாப்கினைக் கடைக்காரர் பத்திரிகைத் தாளில் சுற்றித் தருவார். இங்கேயும் அப்படித்தான், தாளின்மேல் ஒரு கறுப்புப் பையும் சேரும்.

ஆனால் உபயோகிக்கும் முறையை இலவசமும் வவுச்சரும் கற்பித்துவிடுவதில்லை. நாப்கினின் மேலுறை ஈரத்தை உள்ளே விடுகிறது. நாரும் அதில் கலந்த தூளும் அதைப் பிடித்துக்கொள்கின்றன. அடியிலுள்ள பிளாஸ்டிக் கசியவிடாமல் தடுக்கிறது. மேற்புறம் உலர்ந்தே தோன்றுவதால் இன்னும் மாற்ற வேண்டாமென்று பெண் எண்ணுகிறாள். உள்ளே வெப்பமும் ஈரமும் கூடிப் புண்ணும் அரிப்பும் உண்டாகின்றன. போக்கு குறைவாயினும் நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கொருமுறை மாற்றுவதும், முன்னும் பின்னும் கை கழுவுவதும், கழித்ததைத் தாளில் மடித்துத் தொட்டியில் போடுவதும் அவசியம். பள்ளிக் கழிப்பறையில் தண்ணீரும் மூடியுள்ள தொட்டியும் இல்லையானால், இலவசமாக வந்ததாயினும் வவுச்சருக்கு வாங்கியதாயினும், காலையில் வைத்ததை மாலை வீடு சேர்ந்தபின்தான் அவள் மாற்றுவாள்.