வெல்ட் வைத்த மென்பொருள்

ஆம்பூர்க் காலணிகளில் எனக்கு மிகவும் பிடித்தது குட்இயர் வெல்ட் முறையில் தைத்த ஷூ. மேல்தோலையும் உள்சோலின் விளிம்பையும் சேர்த்து, சுற்றிலும் ஒரு பட்டையைத் தைக்கிறார்கள். அதுதான் வெல்ட். அடிச்சோலை அந்தப் பட்டையோடுதான் தைப்பார்கள். சோல் தேய்ந்தால் கீழ்த்தையலை மட்டும் பிரித்துப் புதுசு போடலாம். மேல்தோலில் ஊசி படாது. பசையில் ஒட்டிய சோலைப் பிய்த்தால் மேல்தோலும் கூடவே கிழிந்து வர வாய்ப்புண்டு.

மென்பொருளிலும் நான் தேடி ரசிப்பது இந்தப் பட்டையைத்தான். காலணிக் கடையின் பில் போடும் மென்பொருளையே பாருங்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது ஜோடி 500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. மறு ஆண்டே வரம்பு 1,000 ஆனது. 2022 ஜனவரியில் 5 சதவீதம் 12 ஆனது. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை மறுபடி 5.

மோசமான நிரலில் அந்த 500 பில்லில் ஒன்று, திரும்பி வரும் சரக்கின் கணக்கில் ஒன்று, மாதக் கணக்கில் ஒன்று என்று சிதறிக் கிடக்கும். தள்ளுபடி வரம்பும் 500 என்றால் தொலைந்தது; தேடி மாற்றுகிறவர் அதையும் சேர்த்து மாற்றிவிடுவார். வேலை நடக்கும் வரிசைப்படி நிரலைக் கூறுபோடாமல், மாறக்கூடிய ஒவ்வொரு முடிவையும் ஒரு கூறுக்குள் மறைத்து வைக்கச் சொன்னார் கணினி அறிஞர் டேவிட் பார்னஸ், 1972இல்.

நல்ல நிரலில் வரி விகிதம் ஓர் அட்டவணையில் இருக்கும். அதில் 'எந்தத் தேதி முதல்' என்றொரு பத்தி. என்ன அழகான பத்தி அது! 2025 ஆகஸ்டில் 1,800 ரூபாய்க்கு விற்ற ஷூ அக்டோபரில் திரும்பி வருகிறது. இன்றைய வரி 5. வாங்கியவர் கட்டியதோ 18. கிரெடிட் நோட் 18இல்தான் போக வேண்டும். பழைய பில்லின் தேதியைப் பார்த்து நிரலே அதை எடுத்துக்கொள்ளும்.

எல்லா இடத்திலும் பட்டை வைத்தால் ஷூ கனத்துப்போகும். எது மாறும் என்று கணக்குப்பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டறிவதுதான் கலை. அப்போதும் எதிர்பாராதது வரும். முதலில் வரம்புக்குக் கணக்கு, காலணியில் பொறித்த விலை. பிறகு விற்ற விலை என்றானது. இதை எந்த அட்டவணையும் தாங்காது. ஆனால் 'வரிக்கு எந்த விலை?' என்ற கேள்வியை ஒரே இடத்தில் கேட்கும் நிரலில், அந்த ஓர் இடத்தில் கைவைத்தால் போதும்.