பதினான்கு மில்லிமீற்றர் மாளிகைகள்

அதியகலக் கோண லென்ஸுக்கு வக்காலத்து வாங்குபவர்கள் மொன்றியலில் எப்போதும் நோத்ர்-டாம் பசிலிக்காவில்தான் தொடங்குவார்கள். பீடத்தையும் இருபக்க மேல்மாடங்களையும் நீல விதானத்தையும் ஒரே படத்தில் வேறு எப்படிக் கொண்டுவருவாய் என்பது அவர்கள் கேள்வி. நியாயம்தான். பின்னுக்கு நகர இடமில்லாத உள்ளறைகளிலும், வெளிப்படிக்கட்டு வீடுகள் நெருங்கி நிற்கும் பிளாட்டோ வட்டாரத் தெருக்களிலும் 14 மி.மீ. லென்ஸ் கைகொடுக்கும். கமராவை அண்ணாத்திப் பிடித்தால் சுவர்கள் சாய்கிற பழைய குறையும் டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ்களால் தீர்ந்துவிட்டது. 2009இல் கனன் 17 மி.மீ.யிலேயே அந்த வசதியைத் தந்தது.

நேர்கோடு நேராக வந்துவிட்டால் படம் நேர்மையாகிவிடாது. நெடுங்காலமாக என் வழக்கு கோட்டைப் பற்றியதல்ல, அளவைப் பற்றியது.

‘லென்ஸ் பொய் சொல்வதில்லை, அருகிலுள்ளது பெரிதாகவும் தூரத்திலுள்ளது சிறிதாகவும் தெரிவது நாம் நிற்கும் இடத்தைப் பொறுத்தது’ என்பார்கள். வடிவியல்படி சரி, ஆனால் பாதிதான் சரி. படமெடுத்தவர் நின்ற இடத்தைச் சொல்கிறவர்கள், படம் பார்ப்பவர் இருக்கும் இடத்தை மறந்துவிடுகிறார்கள். ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ. அதில் 14 மி.மீ. லென்ஸால் எடுத்த படத்தைப் பத்து மடங்கு பெருப்பித்தால் 36 செ.மீ. அகலப் பிரதி கிடைக்கும். எடுத்தவர் கண்ட அதே ஆழம் நமக்கும் தெரிய வேண்டுமானால், அந்தப் பிரதியை 14 செ.மீ. தூரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கைபேசித் திரையென்றால் இமை முட்டும். யார் அப்படிப் பார்க்கிறார்கள்? 42 செ.மீ. தள்ளிப் பிடிக்கிறோம், அறை மூன்று மடங்கு நீண்டுவிடுகிறது. ஓரத்தில் தொங்கும் உருண்டை விளக்கோ முட்டையாகிவிடுகிறது: உயரத்தைப்போல ஏறத்தாழ 1.6 மடங்கு அகலம்.

வீடு விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பார்க் எக்ஸ்ரென்ஷனில் ஒரு ‘மூன்றரை’ அறை வீடு தேடி அலைந்த எவரையும் கேளுங்கள். படத்தில் பந்தியே வைக்கலாம் போலிருந்த குசினியில், நேரில் போனால் பிரிட்ஜைத் திறக்க ஒருவர் விலகி நிற்க வேண்டும். செற்றி மட்டும் படத்தில் ஒரு சுவர் நீளத்துக்கு இருக்கும். அது வியாபாரம், விலைபேசுபவர் எப்படியும் ஒருநாள் நேரில் வந்து பார்ப்பார். கட்டடக்கலை இதழ்களும் பரிசுக்கு அனுப்பும் தொகுப்புகளும் அதே லென்ஸைக் கொண்டாடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அங்கே தீர்ப்புச் சொல்பவர்களில் பலர் அந்தக் கட்டடத்துக்குள் கால் வைப்பதே இல்லை.

ஹபிற்றாற் 67ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மோஷே சஃப்டி 1967 உலகக் கண்காட்சிக்காக எழுப்பிய அந்தக் குடியிருப்பில் 354 கொங்கிறீற் பெட்டிகள். வார்ப்பில் எல்லாம் ஒரே அளவு. ஒரே பெட்டியைத் திருப்பியும் தள்ளியும் அடுக்கி, ஒருவர் கூரையை இன்னொருவர் தோட்டமாக்கியதில்தான் அதன் சாதுரியம் இருக்கிறது. அடியில் போய் நின்று அதியகல லென்ஸால் எடுத்தால், முன்மூலைப் பெட்டி ராட்சதமாக முகத்துக்கு எதிரே பாய்கிறது. மேலே உள்ள அதன் உடன்பிறப்பு துணுக்காகச் சுருங்கிவிடுகிறது. எல்லாம் சமம் என்ற அடிப்படைச் செய்தியே அழிந்துபோக, மிஞ்சுவது வெறும் மிரட்டல். பழைய துறைமுகப் பக்கமிருந்து, நீருக்கு அப்பால், நீண்ட லென்ஸால் பாருங்கள்: பெட்டிகள் சம அளவில், எண்ணக்கூடியவையாக நிற்கும். அந்தப் படத்தில் பரபரப்பு இல்லை என்பார்கள். சஃப்டி அடுக்கியதும் பரபரப்பையல்ல.

வேறு வழி இந்த ஊரிலேயே இருந்தது. ஷெர்புரூக் வீதியின் வான் ஹோர்ன் மாளிகை இடித்துத் தள்ளப்பட்ட 1973ஐ ஒட்டிய காலத்தில், கட்டடக்கலைஞர் ஃபிலிஸ் லம்பேர்ட்டும் படப்பிடிப்பாளர் ரிச்சர்ட் பேரும் மொன்றியலின் சாம்பல்கல் கட்டடங்களைத் தெருத்தெருவாகப் படமெடுத்தார்கள். 2017இல் கனடியக் கட்டடக்கலை மையம் அவற்றைக் காட்சிக்கு வைத்தது. அவற்றில் கல் கல்லாகவே இருக்கிறது. அதை அளவுகோலாக்கிக் கதவையும் சன்னலையும் மதிப்பிடலாம். நகரத்தைப் புரிந்துகொள்ளச் சான்றாக எடுத்த படத்துக்கு அந்த அடக்கம் வேண்டும். இன்றைய ‘எல்லாம் உள்ளே’ படங்களை எந்த விசாரணையிலும் சாட்சியாக நிறுத்த முடியாது.

முழுக் கட்டடமும் ஒரே சட்டத்துக்குள் அடங்கியே ஆக வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? பசிலிக்காவையும் மூன்று படங்களில் காட்டலாம். அதற்குப் பொறுமை வேண்டும், எதை விடுவது என்ற தெரிவு வேண்டும். அதியகல லென்ஸ் இரண்டிலிருந்தும் விடுதலை தருகிறது. கட்டடப் படப்பிடிப்பில் அது இன்று பெரும்பாலும் சோம்பலின் கருவி என்றே சொல்வேன்.

பதிப்பாசிரியர்கள் ஒன்று செய்யலாம்: ஒவ்வொரு கட்டடப் படத்தின் கீழும் லென்ஸ் எத்தனை மி.மீ. என்பதையும் அறையின் நீள அகலத்தையும் அச்சிடுங்கள். வீடு தேடுபவர்களே, படத்தை நம்பிக் கிளம்புமுன் தரைப்படத்தைக் கேட்டு வாங்குங்கள்.