2,560 ரூபாய் பூஜ்யமாகும் விதம்

போடிநாயக்கனூரிலும் மலைக்கு மேலே புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏலம் நடக்கிறது. அதன் விலைப்பட்டியலிலிருந்து சராசரி விலையைக் கணக்கிட, யூனிக்ஸ் வகைக் கணினிகளில் கட்டளைகளை இயக்கும் பாஷ் ஷெல்லில் ஒருவர் ஒரு செயற்கூறு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கிலோ 2,750 ரூபாய் என்று கணக்குச் சரியாகவே வருகிறது. அதை ‘ரிட்டர்ன்’ கட்டளையால் திருப்பி அனுப்பினால், அழைத்த இடத்துக்கு வந்து சேர்வது 190. ஏலக்காய் 2019 ஆகஸ்டில் தொட்ட 7,000 ரூபாய், 88 ஆகிவிடும். 2,560 ரூபாய் பூஜ்யமாகும். பிழைச்செய்தி எதுவும் வராது.

காரணம் எளிது. ஷெல்லில் ‘ரிட்டர்ன்’ அனுப்புவது விடையை அல்ல, நிலைக்குறியீட்டை. அதற்கு 8 பிட் இடம்தான். எண்ணை 256-ஆல் வகுத்த மீதியை மட்டும் பாஷ் வைத்துக்கொள்கிறது.

இந்த ஏற்பாட்டுக்கு வலுவான நியாயம் உண்டு. யூனிக்ஸில் ஒரு கட்டளை வெற்றி பெறுவது ஒரே விதம், தோற்பதற்குப் பல காரணங்கள். எனவே பூஜ்யம் வெற்றி, மற்றவை தோல்வியின் வகைகள். ‘கிரெப்’ கொண்டு பட்டியலில் 8 மி.மீ. காயைத் தேடினால், இருந்தால் 0, இல்லாவிட்டால் 1, கோப்பையே படிக்க முடியாவிட்டால் 2. சரக்கு வராத நாளையும் கோப்பு தொலைந்த நாளையும் பிரித்துச் சொல்ல ஓர் இலக்கம் போதும். செயற்கூறும் இதே முறையைப் பின்பற்றுவதால், கட்டளை நிற்கும் எந்த இடத்திலும் அதுவும் நிற்கலாம்.

குறை, அந்த ஒழுங்கு காக்கும் மௌனத்தில் இருக்கிறது. ‘ரிட்டர்ன்’ எழுதாவிட்டால் கடைசிக் கட்டளையின் நிலையே செயற்கூற்றின் நிலையாகும். ‘விலை 3,000-ஐத் தாண்டினால் அச்சிடு’ என்ற நிபந்தனை ‘&&’ குறியால் எழுதப்பட்டு இறுதி வரியாக இருந்து, விலை தாண்டாவிட்டால், தவறே நடக்காதபோதும் தோல்வி என்று பதிவாகும். கட்டளை தோற்றதும் ஸ்கிரிப்ட்டை நிறுத்தச் சொல்லும் ‘செட் -ஈ’ போட்டிருந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுபோகலாம்.

மாற்றுவழி, மதிப்பை ‘எக்கோ’ மூலம் வெளியிட்டு, அழைப்பவர் அதைப் பிடித்துக்கொள்வது. இதில் எண்ணின் அளவுக்குத் தடையில்லை. ஆனால் இடையில் அச்சாகும் ஒவ்வொரு தகவலும் விலையோடு ஒட்டிக்கொள்ளும். அவற்றைப் பிழை வெளியீட்டுக்குத் திருப்பியாக வேண்டும். செயற்கூற்றுக்குள் மட்டும் இயங்கும் மாறிக்கான ‘லோக்கல்’ அறிவிப்பையும் மதிப்பைப் பிடிப்பதையும் ஒரே வரியில் எழுதினால், செயற்கூற்றின் தோல்வியை ‘லோக்கல்’ கட்டளையின் வெற்றி மறைத்துவிடும். இரண்டையும் தனித்தனி வரியாக்குவதே பாதுகாப்பு.

‘நடந்ததா?’ என்ற கேள்விக்கு நிலைக்குறியீடு அருமையான பதில். ‘எவ்வளவு?’ என்பதற்கு அது பதிலே அல்ல. 255-க்கு மேற்பட்ட எண்ணை பாஷ் மறுத்திருக்க வேண்டும். வாய்மூடி வெட்டுவது வடிவமைப்பின் பிழை. மூட்டைகளின் எண்ணிக்கையை ‘ரிட்டர்ன்’ மூலம் அனுப்பினால், 5 மூட்டை, 40 மூட்டை என்று சோதிக்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். வரத்துக் கூடி 300 மூட்டை வரும் நாளில் அது 44 ஆகும். ஆகவே விவசாயியின் பணத்தைத் தொடும் எந்த ஸ்கிரிப்ட்டையும் 256 என்ற எண்ணைக் கொடுத்துச் சோதித்த பிறகே பயன்பாட்டுக்கு விட வேண்டும்.