பார்வை இழப்பும் யாப்பும்: போர்ஹெஸின் பிற்காலக் கவிதைகள் பற்றி ஒரு நோக்கு

கண்ணிழந்த கலைஞனைப் பற்றிப் பேசப் புகும் திறனாய்வாளர் பலர், புறக்கண் மூடியபோது அகக்கண் திறந்தது என்னும் வாய்பாட்டோடு அமைந்துவிடுகின்றனர். செவிக்கினிய இவ்வாய்பாடு, ஆக்கங்களை ஊன்றிப் படிக்கவேண்டிய கடமையிலிருந்து அவர்களை விடுவித்துவிடுகின்றது. இரக்கமும் வியப்பும் திறனாய்வாகா. பார்வை போனபின் ஒருவன் எவ்வாறு தொழிற்பட்டான், அத்தொழின்முறை அவனது ஆக்கத்தின் வடிவத்தை எவ்வகையில் மாற்றியது என்பனவே கேட்கப்படவேண்டியவை. ஆர்ஜென்ரீன எழுத்தாளர் ஹோர்ஹே லூயிஸ் போர்ஹெஸ் (1899–1986) இவ்வினாக்களோடு அணுகத்தக்கவர்.

அவருடைய பார்வை ஒரே நாளில் மறைந்ததன்று. தந்தையாரும் கண்ணொளி இழந்தே இறந்தவர். அறுவைச் சிகிச்சைகள் பல நடந்தும், 1950களின் நடுப்பகுதியில் வாசிக்கும் ஆற்றல் போர்ஹெஸை விட்டு நீங்கியது. பெரோனின் ஆட்சி கவிழ்ந்த 1955ஆம் ஆண்டிலே, தேசிய நூலகத்தின் பணிப்பாளராக அவர் நியமிக்கப்பட்டார். நூல்களையும் இருளையும் ஒருங்கே பெற்ற இம்முரணே 'கொடைகளின் கவிதை'யின் பொருள். அவருக்கு முன் அப்பதவியிலிருந்த போல் குரூசாக்கும் கண்ணிழந்தவர். கவிதையிற் பேசுபவர் இவரா அவரா என்ற மயக்கம் இறுதியில் எழுகின்றது. தன்னிரக்கத்துக்கு வாய்ப்பிருந்த இடத்திலே 'நான்' என்பதையே ஐயத்துக்குள்ளாக்கும் இவ்வுத்தி, 1944இல் வெளிவந்த 'புனைவுகள்' தொகுதியைப் படித்தோருக்குப் புதிதன்று. நோக்கில் அவர் பழைய போர்ஹெஸே. மாறியது வடிவம்.

1923இல் வெளிவந்த முதற் கவிதைத் தொகுதியில் அவர் கட்டற்ற கவிதையையே பெரிதும் கையாண்டார். கண்ணிழந்தபின் மரபு யாப்புக்கும், சிறப்பாகப் பதினான்கடிச் சொனற்றுக்கும் திரும்பினார். எழுதிப் பார்த்துத் திருத்த இயலாதவனுக்கு நினைவே தாள்; கட்டற்ற கவிதையைவிட ஓசை ஒழுங்குடைய செய்யுள் நினைவில் நிற்கும். வீதியில் நடக்கும்போதும் நிலக்கீழ்ப் புகையிரதத்திற் செல்லும்போதும் ஒரு சொனற்றை மனத்துள் வைத்துச் செப்பஞ்செய்யலாம் என்பது அவரே தந்த விளக்கம். எதுகையும் மோனையும் வெறும் அணிகளல்ல, நினைவின் பிடிகள் என்பதை உணர நமக்குத் தடையிராது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கண்ணிழந்த பின்னரே அவர் தம் மாணவர் சிலருடன் பழைய ஆங்கிலம் கற்கத் தொடங்கினார். அம்மொழிச் செய்யுளின் உயிர்நாடி மோனையாகும். கண்ணால் இழந்த இலக்கியத்துக்கு ஈடாகச் செவியால் ஓர் இலக்கியத்தை அவர் தேடிக்கொண்டார் எனலாம். 1960இல் வந்த 'படைப்பவன்' நூலின் உரைநடைப் பகுதிகள் பெரும்பாலும் ஓரிரு பக்க அளவினவாய் இருத்தலும் இதே காரணம்பற்றியதாகலாம். (ஸ்பானிய மொழி அறியாது ஆங்கில வழியே இவற்றைப் படிக்கும் என்போன்றோருக்கு, ஓசை பற்றிய பேச்சிலே ஓரளவு அடக்கம் வேண்டும்.)

ஆயின், குருட்டுத்தன்மை தவிர்க்கவியலாதவாறு இயைபுத்தொடைக்கே இட்டுச்செல்லும் என விதி வகுத்துவிட முடியாது. 1652இல் முற்றாகப் பார்வையிழந்த மில்ரன், 'சுவர்க்க நீக்க'த்தை இயைபின்றியே பாடினார். 1667இல் அது வெளிவந்த பின்னர், இயைபைத் துறந்ததற்கு நியாயமும் எழுதிச் சேர்த்தார். அடிகடந்து ஓடும் அந்நீண்ட வாக்கியங்களும் நினைவிலே கட்டப்பட்டவைதாம். பத்து, இருபது, முப்பது அடிகளாக அவ்வப்போது பிறர் எழுதிக்கொண்டனர் என அவருடைய மருகர் பதிவு செய்துள்ளார். உடற்குறை ஒரு நெருக்கடியைத் தருகின்றது. அதற்கு விடையைத் தெரிவது கவிஞனின் கல்வியும் காலமுமாகும்.

'பிறர் எழுதிக்கொண்டனர்' என எளிதாகச் சொல்லிவிட்டோம். அப்பிறர் யாவர்? போர்ஹெஸ் புள்ளியெழுத்து முறையைக் கற்றவரல்லர். அவருக்காக ஆண்டுக்கணக்கில் வாசித்தவரும், சொல்லச் சொல்ல எழுதியவரும் தாயார் லெயொனோர் அசெவெதோ. 1975இல், 99 வயதில், அவர் காலமானார். பெரோன் மீண்டும் ஆட்சிக்கு வந்த 1973ஆம் ஆண்டில் விலகும்வரை போர்ஹெஸுக்கு நூலகப் பதவியும் இருந்தது. பல்கலைக்கழகத்திலே ஆங்கில இலக்கியமும் கற்பித்தார். இவ்வசதிகளின்றி அதே மேதைமை என்னவாகியிருக்கும்? 'அகக்கண்' வாய்பாட்டின் பெருந்தவறு, இக்கைகளையும் குரல்களையும் காட்சியிலிருந்து அகற்றிவிடுவதே.

பிற்காலக் கவிதைகளிலே குறையும் உண்டு. கண்ணாடி, வாள், நிலவு, புதிர்வழி, புலி ஆகியன மீண்டும் மீண்டும் வருகின்றன. புதிய காட்சிகள் சேராத களஞ்சியத்திலிருந்து எடுப்பவனின் வறுமை இது எனச் சிலவேளை தோன்றுகின்றது. சில சொனற்றுகள் முன்னையவற்றின் எதிரொலிகளே. குருடர் என்பதற்காக இதனை மன்னிக்கவேண்டியதில்லை. ஆனால் 1972ஆம் ஆண்டின் 'புலிகளின் பொன்' நூலில் இப்பழைய படிமத்துக்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகின்றது. குருட்டுத்தன்மை பற்றி 1977இல் ஆற்றிய உரையிலே, தாம் கறுப்பையும் சிவப்பையும் இழந்ததாகவும், இறுதிவரை கைவிடாத நிறம் மஞ்சளே எனவும் அவர் கூறினார். சிறுவயதில் மிருகக்காட்சிச்சாலைக் கூண்டின் முன் நின்று அவர் பார்த்துக்கொண்டிருந்த புலியின் நிறமும் அதுவே.