அழுந்திய எழுத்தும் அச்சுக்கலையும்

ஈய எழுத்துக்களைக் கோத்து, மைபூசித் தாளில் அழுத்தும் அச்சுமுறை வணிக அச்சகங்களிலிருந்து பெரும்பாலும் மறைந்தபின், பிரித்தானியாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் கைவினையாக மறுவாழ்வு பெற்றுள்ளது. அங்கு அச்சாகும் திருமண அழைப்பிதழ்களிலே, தடித்த பருத்தித் தாளில் எழுத்துக்கள் குழிவாக அழுந்தியிருக்கும். விரலுக்குத் தட்டுப்படும் அக்குழிவே மரபின் முத்திரையெனப் போற்றப்படுகின்றது. இம்மதிப்பீடு மறுபரிசீலனைக்குரியது.

பழைய அச்சகங்களில் இக்குழிவு பொதுவாகக் குறையெனவே கருதப்பட்டது. எழுத்து தாளை மெல்லத் தொட்டு மையை மாத்திரம் விட்டுச்செல்ல வேண்டும். மிகையான அழுத்தம் மென்மையான ஈயக்கலவை எழுத்தைத் தேய்க்கும்; தாளின் மறுபக்கத்து அச்சையும் கெடுக்கும். இன்றைய ஆழ்ந்த குழிவைப் பெரும்பாலும் உண்டாக்குவதோ, கணினியில் வடிவமைத்து, ஒளியால் இறுகச்செய்த பிளாத்திக்குத் தகடாகும். ஆகவே, தொன்மையின் அடையாளமெனக் கொள்ளப்படுவது உண்மையிற் புதுமையின் விளைவே.

1891 இல் கெல்ம்ஸ்கொற் அச்சகத்தை நிறுவிய வில்லியம் மொறிஸின் நூல்களிலும் அழுத்தம் புலனாகும். ஆயினும், எழுத்தின் வடிவு, சொல்லிடைவெளி, பக்கத்தின் ஓரம் என்பனவற்றிலேயே அவர் பெரிதும் கருத்தூன்றினார். அவை வாசிப்போரின் கண்ணுக்கானவை.

புதிய மோகம் பழைய இயந்திரங்கள் பலவற்றை இரும்புக் குவியலுக்குச் செல்லாது காத்தது என்பதை மறுத்தல் இயலாது. எனினும், உழைப்பின் தடயத்தை விற்பதும் உழைப்பின் அறிவைப் பேணுவதும் ஒன்றல்ல. வரியை நிரவி இடைவெளியைக் கணிக்கும் அச்சுக்கோப்பாளரின் அறிவு மறக்கப்படுமாயின், எஞ்சுவது தாளிலுள்ள தழும்பு மாத்திரமே.