கண்ணாடிச் சோதனை எதை அளக்கிறது?

ஜன்னல் கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தைச் சிட்டுக்குருவி ஓயாமல் கொத்துவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே வேறொரு குருவி இருப்பதாக எண்ணி அது சண்டைக்குப் போகிறது. உங்கள் நெற்றியில் மை ஒட்டியிருப்பதைக் கண்ணாடியில் கண்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? கண்ணாடியைத் துடைக்க மாட்டீர்கள். நெற்றியைத்தான் துடைத்துக் கொள்வீர்கள். 'அங்கே தெரிவது நானே' என்ற அறிவு உங்களுக்கு இருக்கிறது. இந்த அறிவு எந்தெந்த விலங்குகளுக்கு உண்டு என்று கண்டறிய ஒரு சோதனை அரை நூற்றாண்டுக்கு மேலாக நடத்தப்பட்டு வருகிறது. அதன் முடிவுகளை நூல்களும் பத்திரிகைகளும் தயக்கமின்றி எடுத்தாளுகின்றன. அந்தச் சோதனை எதை அளக்கிறது, எதை அளப்பதில்லை என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேலப் செய்த சோதனை

1970ஆம் ஆண்டில் கார்டன் கேலப் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 'சயன்ஸ்' இதழில் இரண்டு பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். நான்கு இளம் சிம்பன்சிகளைத் தனித்தனியே அடைத்து, ஒவ்வொன்றின் முன்பும் பத்து நாட்களில் மொத்தம் 80 மணி நேரம் கண்ணாடியை வைத்தார். முதலில் அவை கண்ணாடி உருவத்தை அயலானாகக் கருதி மிரட்டின. சில நாட்களில் நிலைமை மாறியது. கண்ணாடியின் உதவியால் பல்லிடுக்கில் சிக்கிய உணவை எடுத்தன. மற்றபடி கண்ணுக்குத் தெரியாத தம் உடற்பகுதிகளை ஆராய்ந்தன.

இதைக் கண்ட அளவிலேயே முடிவுக்கு வந்திருந்தால், பார்ப்பவரின் கற்பனை என்று யாரும் ஒதுக்கிவிடலாம். ஆகவே கேலப் சிம்பன்சிகளை மயக்கமடையச் செய்து, புருவ மேட்டிலும் காதிலும் சிவப்புச் சாயம் பூசினார். அச்சாயத்துக்கு மணமில்லை, உலர்ந்தபின் தோலில் உறுத்துவதுமில்லை. அவை விழித்தபின், முதலில் கண்ணாடி இல்லாமல் அரைமணி நேரம் கவனித்தார். பூசிய இடத்தை அவை ஏறக்குறையத் தொடவே இல்லை. கண்ணாடியை வைத்ததும் பலமுறை தொட்டுப் பார்த்தன. முன்பு கண்ணாடியையே கண்டிராத வேறு இரு சிம்பன்சிகளுக்கும் சாயம் பூசிப் பார்த்தார். அவை அவ்வாறு செய்யவில்லை. நம் ஊர்க் குரங்குகளின் உறவான மக்காக் இனக் குரங்குகளும் செய்யவில்லை.

மாணவர்கள் இந்தச் சோதனையின் அமைப்பை நன்கு கவனிக்க வேண்டும். 'தற்செயலாகத் தொட்டிருக்கலாமே', 'சாயம் உறுத்தியிருக்கலாமே' என்ற ஐயங்கள் எழுமுன்பே அவற்றுக்கு விடை தேடி வைத்திருக்கிறார் கேலப். எளிய பொருள்களைக் கொண்டு ஒரு கடினமான கேள்வியை அளவீட்டுக்குள் கொண்டுவந்த முறை இது. இந்தப் பாராட்டில் எனக்கு ஐயமில்லை. குறை அதன் முடிவுகளைப் படித்த விதத்தில் இருக்கிறது.

முள் அசையாவிட்டால்?

சிம்பன்சிக்குப் பிறகு ஒரு பட்டியல் வளரத் தொடங்கியது. 2001இல் டால்பின், 2006இல் ஆசிய யானை, 2008இல் ஐரோப்பிய மேக்பை பறவை ஆகியவை 'தேறியவை' எனச் சேர்க்கப்பட்டன. பட்டியலில் இல்லாதவை 'தன்னை அறியாதவை' என்று ஒதுக்கப்பட்டன. இங்கேதான் தவறு நிகழ்கிறது.

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஓர் இயங்குசுருள் கால்வனாமீட்டர் இருக்கிறது. சுற்றில் நேர்திசை மின்னோட்டம் பாய்ந்தால் அதன் முள் விலகும். வினாடிக்கு 50 முறை திசை மாறி மாறிப் பாயும் மின்னோட்டத்தை உரிய அளவில் செலுத்தினால் முள் சுழியிலேயே நிற்கும். அதைக் கண்டு 'மின்னோட்டமே இல்லை' என்று எழுதும் மாணவருக்கு மதிப்பெண் கிடைக்குமா? மின்னோட்டம் இருக்கிறது, அந்தக் கருவி அந்த வகைக்கு உரியதன்று. முள் விலகினால் ஒரு செய்தி கிடைக்கிறது. விலகாவிட்டால், கருவி பொருத்தமானதுதானா என்று முதலில் கேட்க வேண்டும்.

யானையின் கதையே இதற்குச் சான்று. 1989இல் டேனியல் பொவினெலி வெளியிட்ட ஆய்வில் ஆசிய யானைகள் தேறவில்லை. ஆனால் அங்கு வைக்கப்பட்ட கண்ணாடி யானைக்குச் சிறியது; எட்டித் தொட முடியாத இடத்தில் இருந்தது. பின்னர் ஜோஷுவா பிளாட்னிக், பிரான்ஸ் டி வால், டயானா ரைஸ் ஆகியோர் நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிச்சாலையில் யானையின் முழு உருவமும் தெரியும் பெரிய கண்ணாடியை வைத்தனர். யானைகள் அதை முகரவும், அதன் பின்னால் எட்டிப் பார்க்கவும் முடிந்தது. ஹாப்பி என்ற யானை தன் தலையில் இட்ட வெள்ளைக் குறியைத் துதிக்கையால் மீண்டும் மீண்டும் தொட்டது. 2006இல் இம்முடிவு வெளியானது. இடைப்பட்ட ஆண்டுகளில் யானையின் மூளை மாறிவிடவில்லை, கண்ணாடிதான் மாறியது.

ஹாப்பியோடு சோதிக்கப்பட்ட வேறு இரு யானைகள் குறியைத் தொடவில்லை. ஆனால் அவற்றுள் ஒன்று கண்ணாடி முன் நின்று தன் காதைத் துதிக்கையால் இழுத்துப் பார்த்தது. மண்ணை வாரித் தன்மேல் போட்டுக்கொள்ளும் பிராணிக்கு நெற்றியில் ஒரு கறை இருந்தால் என்ன குறை? 'எனக்குத் தெரியவில்லை' என்பது வேறு. 'எனக்கு அக்கறையில்லை' என்பது வேறு. இச்சோதனையால் இவ்விரண்டையும் பிரித்தறிய முடிவதில்லை.

மனிதக் குழந்தையும் தேறாத தேர்வு

இந்தக் குறை விலங்குகளோடு நிற்கவில்லை. 1972இல் பியூலா ஆம்ஸ்டர்டாம் என்ற அம்மையார், குழந்தைகளின் மூக்கில் செந்நிறப் பூச்சு இட்டுச் சோதித்தார். அமெரிக்கக் குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டு வயதை நெருங்கும்போது தம்மை அறிந்துகொள்வதாகத் தெரிந்தது. பல நூல்கள் இதை மனிதகுலம் முழுமைக்குமான விதியாகவே எழுதிவிட்டன.

2011இல் தான்யா பிரோஷ் முதலியோர் பல நாட்டுக் குழந்தைகளைச் சோதித்து வெளியிட்ட ஆய்வு அந்த விதியை அசைத்தது. கென்யாவில் ஒன்றரை முதல் ஆறு வயது வரையுள்ள 82 குழந்தைகளில் இருவரே நெற்றியில் ஒட்டிய தாளைத் தொட்டனர். மற்றவர்கள் கண்ணாடியைப் பார்த்தபடி அசையாமல் நின்றனர். ஆறு வயதுக் குழந்தைக்குத் தன்னைத் தெரியாது என்று யாரேனும் சொல்வார்களா? பெரியவர் ஒருவர் ஒட்டிவைத்ததை எடுக்கலாமா என்ற தயக்கம் அவர்களுக்கு இருந்திருக்கலாம். குழந்தைகள் தேறாதபோது உடனே நாம் தேர்வைச் சந்தேகிக்கிறோம். குரங்கு தேறாதபோது குரங்கைச் சந்தேகிக்கிறோம். ஒரே கருவிக்கு இரண்டு நீதி ஆகாது.

'ஆம்' என்ற விடையும் ஐயத்துக்கு உரியதே

மறுபக்கத்தையும் பார்ப்போம். 1981இல் ராபர்ட் எப்ஸ்டீன், ராபர்ட் லான்சா, பி. எஃப். ஸ்கின்னர் மூவரும் புறாக்களைப் பயிற்றினர். தம் உடலில் தெரியும் நீலப் புள்ளியைக் கொத்த முதலில் பழக்கினர். கண்ணாடியில் தெரிந்த புள்ளி உண்மையில் எங்கே இருந்ததோ அந்த இடத்தைக் கொத்தத் தனியே பழக்கினர். பிறகு கழுத்துப்பட்டை மறைத்ததால் நேரே பார்க்க முடியாத மார்புப் பகுதியில் புள்ளி ஒட்டினர். கண்ணாடியைக் கண்ட புறாக்கள் அந்த இடத்தை நோக்கிக் கொத்தின. 'நான்' என்ற எண்ணத்தை இடையில் கொண்டுவராமலே இச்செயலை விளக்கலாம் என்பது அவர்கள் வாதம்.

சிம்பன்சிகளுக்கு யாரும் அப்படிப் பயிற்சி தரவில்லை என்பது உண்மையான மறுப்பே. ஆனால் 2015இல் சீன ஆய்வாளர்கள், கேலபின் சோதனையில் தேறாத அதே மக்காக் இனக் குரங்குகளுக்குச் சில வாரப் பயிற்சி தந்தனர். அதன்பின் அவை குறியைத் தொட்டதோடு, தாமாகவே கண்ணாடியைக் கொண்டு தம் உடலை ஆராயவும் செய்தன. பயிற்சி அவற்றுக்குத் தன்னுணர்வைக் கொடுத்ததா, கண்ணாடியைப் பயன்படுத்தும் வகையைக் கற்றுக்கொடுத்ததா? இரண்டாவதே பொருத்தமாகத் தோன்றுகிறது. அப்படியானால் இச்சோதனை அளந்ததில் பெரும்பகுதி கண்ணாடியைக் கையாளும் திறமையே.

ஏணி அன்று, மரம்

மனிதன் உச்சியிலும் மற்றவை படிப்படியாகக் கீழேயும் நிற்கும் ஏணியாகப் பரிணாமத்தை எண்ணுவது பழைய பிழை. பரிணாமம் கிளைவிட்ட மரம். ஒவ்வொரு கிளையிலும் அவ்வுயிர் வாழும் முறைக்கேற்ற அறிவு வளர்கிறது. 1995இல் பொவினெலியும் ஜான் கான்ட்டும் ஒரு கருதுகோளை முன்வைத்தனர். கனத்த உடலோடு வளையும் கிளைகளில் தாவும் மனிதக்குரங்கு, தன் எடையைத் தானே கணக்கிட வேண்டியிருந்தது. உடலைப் பற்றிய தன்னறிவு அங்கே தோன்றியிருக்கலாம் என்றனர். இது நிறுவப்படவில்லை, எனினும் வாழ்க்கை முறையிலிருந்து கேள்வியைத் தொடங்கும் முறை சரியானது.

நாய் முகர்ந்தே உலகை அறிகிறது. 2017இல் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் கண்ணாடிக்குப் பதில் மணத்தைக் கொண்டு நாய்களைச் சோதித்தார். தம் சொந்தச் சிறுநீரின் மணத்தைவிட, அதில் வேறொரு மணம் கலந்திருந்தபோது நாய்கள் அதிக நேரம் முகர்ந்தன. இதுவும் முடிந்த முடிவன்று. ஆனால் நாயிடம் அதற்குப் பழக்கமான புலனின் வழியே கேட்ட கேள்வி இது.

2019இல் மசனோரி கோடா குழுவினர் பவளப்பாறைகளில் வாழும் துப்புரவு மீனைச் சோதித்தனர். மற்ற மீன்களின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்று வாழும் சிறு மீன் இது. அதன் தொண்டையில் ஒட்டுண்ணி போன்ற பழுப்புக் குறி இட்டபோது, கண்ணாடியில் கண்டு தொண்டையைத் தரையில் உரசியது. பச்சை, நீலக் குறிகளை அது பொருட்படுத்தவில்லை என 2022இல் அவர்களே காட்டினர். அதற்கு அக்கறையுள்ள குறியை இட்டதும் விடை கிடைத்தது.

இங்கே சில அறிஞர்களின் போக்கு வியப்பளிக்கிறது. சிம்பன்சி தேறியபோது 'தன்னுணர்வு' என்றவர்கள், மீன் தேறியதும் 'இது வெறும் உரசல்' என்கிறார்கள். விடைத்தாளில் பெயரைப் பார்த்தபின் மதிப்பெண் இடுவது முறையன்று. மீனுக்குப் போதாத சான்று சிம்பன்சிக்கும் போதாது. சிம்பன்சிக்குப் போதுமானால் மீனுக்கும் போதும்.

இது அறிஞர்களுக்குள் நடக்கும் சொற்போர் மட்டும் அன்று. ஹாப்பியின் சார்பில் 2018இல் நியூயார்க்கில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யப்பட்டது. கண்ணாடிச் சோதனையில் அது தேறியதும் ஒரு வாதமாக வைக்கப்பட்டது. 2022இல் அம்மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 5க்கு 2 என்ற கணக்கில் மனுவை ஏற்க மறுத்தது. தீர்ப்பு எதுவாயினும், ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அதே சாலையில் குறியைத் தொடாத மற்ற யானைகளுக்கு அடைபட்டிருக்கும் துன்பம் குறைவா? கண்ணாடி முன் நடந்த சில நிமிடச் செயலைத் தகுதிச் சான்றிதழாக மாற்றினால், சான்றிதழ் பெறாதவற்றின் நிலை என்ன?

ஆகவே, 'இன்ன விலங்குக்குத் தன்னுணர்வு இல்லை' என்ற செய்தியைப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அந்த விலங்கு எந்தப் புலனால் வாழ்கிறது? இட்ட குறியில் அதற்கு அக்கறை உண்டா? அதே விடையை ஒரு குழந்தை தந்திருந்தால் இதே முடிவை எழுதியிருப்பார்களா? மூன்றுக்கும் விடை இல்லாத செய்தியானால், ஆய்வாளர் முள் அசையவில்லை என்பதை மட்டுமே கண்டிருக்கிறார் என்று கொள்ளுங்கள்.